நரிக்குடிச் சாலையில் ஊதிய சங்கு

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருக்கும். எனக்கு அது கிடையாது. வாட்ஸப் குழு ஒன்றுதான் உண்டு. பெயர் ‘விடுமுறைப் பகிர்வு’. உறுப்பினர்கள் அறுபத்து மூன்று பேர். நாயன்மார்களின் எண்ணிக்கை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். அதில் இருபது பேர் வெளியேறும் வழி தெரியாமல் தங்கியிருப்பவர்கள் என்பது என் மனைவியின் கணிப்பு. குழுவின் விதி எளிது. விடுமுறை நாட்களில் ஒவ்வொருவரும் தினம் ஒரு கண்டுபிடிப்பைப் பகிர வேண்டும். ஒரு நாள் இசை, ஒரு நாள் கலை, ஒரு நாள் வாழ்க்கை என்று முறை வைத்து. விதியை வகுத்தவன் நான். ஆகவே பின்பற்றுகிறவனும் நான் ஒருவன்தான்.

மாட்டுப் பொங்கலான புதன்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறினேன். ஊருக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் முன்பே போய்விட்டதால் கீழ்ப்படுக்கை கிடைத்தது. என்னை அழைத்திருந்தவர் சீனிச்சாமி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் என் அறைத் தோழர். நான் மெய்ப்புத் திருத்திய அச்சகத்தில் அவர் இயந்திரம் ஓட்டினார். பிறகு ஊர் திரும்பி, அருப்புக்கோட்டை நூல் மில் ஒன்றில் சேர்ந்து இப்போது சூப்பர்வைசர். திருச்சுழி தாண்டி நரிக்குடிக்குப் போகும் சாலையில் உள்ள தன் கிராமத்தில் லோன் போட்டு வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சு. கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

போனில் அவர் சொன்னது இது: “அப்பாவுக்கு ரெண்டு மாசமா முடியல. பால் காச்சுறதுக்கு எங்க அண்ணன் வந்துட்டாப் போதும்னு சொல்லிக்கிட்டே கெடக்காரு. நீயும் வந்துருலே. படிச்ச ஆளு ஒருத்தரு கூட நின்னா அண்ணன் சத்தம் போடாது.”

படித்த ஆள் என்ற தகுதியில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது. விடுவேனா.

வியாழன், காலை 6.10. விருதுநகர். அருப்புக்கோட்டை பஸ் தயாராக நின்றது. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பாலவனத்தத்தில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவர் மில் வேலைக்குப் போகிறவர். எனக்கு என்ன வேலை என்று விசாரித்தார். புத்தகத்தில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தப்பே இல்லேன்னா அன்னைக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகளில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை என்றேன்.

காலை 10.00. அருப்புக்கோட்டை. பஸ் ஸ்டாண்டில் மூன்று டீ குடித்துக் காத்திருந்த என்னைச் சீனிச்சாமி தன் பைக்கில் ஏற்றி நேராக ஒரு பிளெக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார். அன்று எனக்குக் கலை முறை, வசதியாகப் போயிற்று. பத்து அடிக்கு எட்டு அடி. அழைப்பு வாசகத்தைவிட முகங்கள் அதிகம். எல்லோருக்கும் மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், சாமியைவிடச் சற்றுப் பெரியதாக, கோட்டு அணிந்த ஒருவர். அவர்தான் அண்ணன் கருப்பையா. கோட்டு கடைக்காரரின் உபயம். கிடைத்த ஒரே படம் பழைய கல்யாணக் கூட்டப் படமாம். அதிலிருந்து வெட்டி எடுத்ததில் யாருடையதென்று தெரியாத ஒரு கை அவர் தோளில் தங்கிவிட்டது. அதை எடுக்க முடியாதா என்று கேட்டேன். எடுத்தால் தோளும் போய்விடும் என்றார் கடைக்காரர். குறுக்கே பேச முடியாத விமர்சனம்.

அண்ணன் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. சீனிச்சாமி அதை டீக்கடையில் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மகளுக்குச் சடங்கு. அப்போதும் பிளெக்ஸ்; நாற்பத்து மூன்று முகங்கள். அண்ணன் அனுப்பிய படம் கடைக் கணினியில் திறக்கவில்லை. கடைக்காரர் அவரை விட்டுவிட்டு அடித்துவிட்டார். முதல் நாளே சீனிச்சாமி கவனித்திருக்கிறார். இத்தனை முகத்தில் ஒன்று இல்லாததை யார் எண்ணப்போகிறார்கள் என்று கட்டிவிட்டார். அண்ணன் எண்ணினார். சீர்த் தட்டுகளை மொபெட்டில் வைத்துக்கொண்டு ஊர் முக்கில் நின்று, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சீரோடு திரும்பிப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இருப்பது நான்கு கிலோமீட்டர் தள்ளி, அதே சாலையில், மனைவியின் ஊரில். ஊர்க் கூட்டத்தில் அவர் சொன்ன வார்த்தையைச் சீனிச்சாமி அப்படியே சொன்னார்: “எங்க அப்பனுக்குக் கொள்ளி வைக்க வருவேன். அது மூத்தவன் செய்ய வேண்டியது. அதுக்கு முந்தி அவன் வாசல்ல காலெடுத்து வைக்க மாட்டேன்.”

பிளெக்ஸை மடித்துச் சுருட்டி என் மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். திருச்சுழி வரை பதினைந்து கிலோமீட்டர் போல. இரண்டு பக்கமும் கரிசல். மக்காச்சோளம் அறுத்த தட்டைகள் நின்றன. மல்லி விதைத்த காடுகள் இளம்பச்சையாகக் கிடந்தன. மிச்ச இடத்தையெல்லாம் சீமைக் கருவேலம் எடுத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்ட இடங்களில் புகை தரையை விட்டு எழ மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. இதைப் பற்றி அழகாக ஒரு வாக்கியம் யோசித்து, குழுவுக்கு அனுப்ப போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. அந்தக் காட்டுக்கு என்மேல் இருந்த கருணை அது.

பிற்பகல் 3.30. பெரியவர் முத்திருளாண்டி பழைய வீட்டில் இரும்புக் கட்டிலில் இருந்தார். எழுபத்தெட்டு வயது. நெஞ்சுச் சளி இரண்டு மாதம் படுக்கவைத்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று சுற்றுப்பட்டியில் பேச்சு ஓடி, இப்போதுதான் எழுந்து உட்கார்கிறார். நான் போய் நின்றதும், கருப்பையா வருவானா என்று என்னிடமே கேட்டார். படித்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிற பார்வை. வருவார் என்றேன். என் சொல்லை அவர் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நாளைக்கு வராட்டியும் கடைசிக்கு வருவான். சொல்லியிருக்கான். சொன்னா செய்யிற பய. ஆனா அப்ப நான் பாக்க முடியாதுல்ல?” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வெளியே சவுண்ட் சர்வீஸ் பாண்டி வேப்பமரத்தில் ஏறிக் கூம்புக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். சீனிச்சாமி கீழிருந்து, இன்னும் கொஞ்சம் மேற்கே, இன்னும் கொஞ்சம் என்று திசை சொன்னார். குழாய் எதற்கு ஊரைப் பார்க்காமல் காட்டைப் பார்க்கிறது என்று கேட்டேன். அந்தப் பக்கம்தான் அண்ணன் ஊர். கூப்பிடப் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறவரைப் பாட்டால் கூப்பிடுவதாக ஏற்பாடு.

“கவலப்படாதீகண்ணே,” என்றார் பாண்டி மரத்திலிருந்து. “அவுக வீட்டு அடுப்படியில வந்து பாடும்.”

வெள்ளி, காலை 5.15. பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியது நல்லது என்றார்கள். சீனிச்சாமியின் மனைவி வளர்மதி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர்; பத்து வருடம் வாடகைக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஓடிய பெண். பால் வழிந்தபோது அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். குழாயில் மங்கலப் பாடல்கள் போயின. எட்டு மணிக்குப் பெரியவருக்கு வேட்டி மாற்றி, கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, பந்தலில் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் இட்லி வாய்க்குப் போகாமல் நின்றது.

காலை 8.45. இதை எழுதாமல் விட முடியுமா என்று ஒரு வாரமாகப் பார்த்தேன். முடியவில்லை. பாண்டி சாப்பிடப் போகும்போது, பாட்டு முடியப்போகிறது, சார் போனில் ஏதாவது இருந்தால் போட்டுவிடுங்கள் என்று வயரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு இசை முறை. என்னிடம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மலையடிவாரத்தில் தங்கி அமைத்த பதினோரு நிமிட இசை. ‘உள்ளத்தைக் கழுவும் ஒலி’ என்று அடைமொழி கொடுத்து மார்கழியிலேயே குழுவில் பகிர்ந்திருந்தேன். நான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான்கு பேர் போதாது என்று எனக்கு ஒரு குறை இருந்திருக்க வேண்டும். ஒரு கிராமமே கேட்கட்டும் என்று வயரைச் சொருகினேன்.

முதலில் புல்லாங்குழல். நன்றாகத்தான் இருந்தது. என் போனை அப்படியே விட்டுவிட்டு, பந்தலில் நின்ற ஒரு பையனின் போனை வாங்கிக்கொண்டு, வேப்பமரக் குழாயிலிருந்து உலக இசை பொழிவதை வீடியோ எடுக்கக் காட்டுப் பக்கமாக நூறு அடி நடந்தேன். இசையும் கலையும் ஒரே பகிர்வில். அப்போது சங்கு வந்தது. அதன் பின்னால், நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு, சேகண்டி. காதில் கருவி மாட்டிக்கொண்டு இதை நான் இருபது முறை கேட்டிருப்பேன். ஒருமுறைகூட எனக்கு அது சாவுச் சங்காகக் கேட்கவில்லை. கூம்புக் குழாயில், கரிசல் காட்டின் மேல் கேட்டபோது வேறு எதுவாகவும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் சங்கும் சேகண்டியும் சேர்ந்து ஒலித்தால் ஒரே ஒரு செய்திதான். தமிழ் படித்தவன், மெய்ப்புத் திருத்துகிறவன், எனக்கு அது தெரியாதா? தெரியும். என் போனுக்குள் இருப்பது கலை, அது இந்த ஊருக்குள் வந்தாலும் கலையாகவே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதுக்கு நூறு அடி தூரம்தான். அதற்குள் வளர்மதி வந்து வயரைப் பிடுங்கியிருந்தார். பாட்டு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடியிருந்ததாகப் போன் காட்டியது.

“என்ன காரியம்ணே பண்ணிட்டீக,” என்றார் வளர்மதி. குரலை உயர்த்தவில்லை. மஞ்சள் தண்ணீரை எடுத்து வாசலில் தெளிக்கத் தொடங்கினார்.

9.05. சீனிச்சாமியின் போன் அடித்தது. திருச்சுழியிலிருந்து ஒரு பங்காளி. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சீனிச்சாமி சொல்ல, அவர் போனை வைத்துவிட்டார். துக்கத்தில் பையனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

9.30. ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கும்போதே கையைக் கோத்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். பந்தலுக்குள் வந்த பிறகுதான் முன்னால் வந்த அம்மாள் பெரியவரைப் பார்த்தார். அவருக்கு மைத்துனி முறை. பாட்டு பாதி அடியில் நின்றது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “என்ன மாமா, இட்லியா?” என்றார்.

“ஆமாத்தா. ஒனக்கும் ரெண்டு வைக்கச் சொல்லவா?”

அடுத்த அரை மணி நேரத்தில் இருபது பேருக்கு மேல் வந்தார்கள். பெரியவருக்கு அது பிடித்துப்போயிற்று என்றுகூடச் சொல்லலாம். வருகிற ஒவ்வொருவரையும், “எனக்குத்தான வந்தீக? இருந்து பாத்துட்டே போங்க,” என்று வரவேற்றார். வளர்மதிக்குத்தான் சிக்கல். சாவுக்கென்று புறப்பட்டு வந்தவர்களைப் பால் காய்ச்சிய வீட்டுக்குள் எப்படி விடுவது? தண்ணீர்த் தொட்டி பக்கம் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு குடம் ஊற்றச் சொன்னார். ஊற்றியது நான். அந்தப் புதுமனை புகுவிழாவில் விருந்தினர் பாதிப் பேர் ஈரத் தலையோடு சாப்பிட்டார்கள்.

10.10. மொபெட் சத்தம்.

கருப்பையா பிளெக்ஸில் இருந்ததைவிட ஒல்லி. கோட்டும் இல்லை, சட்டையும் இல்லை. இடுப்பில் துண்டு கட்டியிருந்தார். காலில் செருப்பில்லை. கொள்ளி வைக்க வருகிற மூத்த மகன் அப்படித்தான் வர வேண்டும். ஒரு கையில் செவ்வந்தி மாலை, வண்டியில் மாட்டிய பையில் கோடித் துணி. முகம் வீங்கியிருந்தது. நான்கு கிலோமீட்டரும் அழுதுகொண்டே வந்திருக்கிறார்.

“வாடா கருப்பையா,” என்றார் பெரியவர்.

அண்ணன் அப்படியே நின்றார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். அதை யாருக்கும் அனுப்ப முடியாது. ஒன்பது வருடமாக இறுக்கிக் கட்டி வைத்திருந்த முகம் அவிழ்ந்தது. வாய் திறந்தது. மாலை பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. காலெடுத்து வாசலுக்குள் வைத்துவிட்டார் என்றே சொல்லலாம். அப்போது ஈரத் தலைக் கூட்டத்திலிருந்து ஒருவர், பகையில்லாமல், வெறும் விளையாட்டாகச் சொன்னார்: “பரவாயில்லையே. சங்கு ஊதுனாத்தான் அண்ணன் வருவாகபோல.”

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் தொழில் வியாதி அது.

அண்ணன் சுற்றிப் பார்த்தார். பந்தல், குழாய், தன் ஊர்ப் பக்கம் திரும்பியிருக்கும் அதன் வாய். முகம் மறுபடி மூடிக்கொண்டது.

“யாருலே ஊதச் சொன்னது?” என்று தம்பியைக் கேட்டார்.

சீனிச்சாமி வாயைத் திறக்கவில்லை. விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். நான் முன்னால் போய், நான்தான் சார், அது சங்கு இல்லை, பாட்டு, வெளிநாட்டுக்காரர் போட்டது என்று உளறினேன். போனை எடுத்துக் காட்டக்கூடச் செய்தேன்.

அவர் போனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “எங்க அப்பன் சாவு உங்களுக்குப் பாட்டா?” என்றார். பிறகு தம்பியிடம் திரும்பி, “என்னைய வரவழைக்கிறதுக்கு அப்பனையே கொன்னுட்டயேலே. இதுக்குப் படிச்ச ஆளு வேற,” என்றார்.

மாலையை வேலி மேல் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். சீனிச்சாமி பின்னாலேயே ஓடினார். பெரியவர் எழ முயன்று முடியாமல், “சாப்புட்டுப் போகச் சொல்லு, சாப்புட்டுப் போகச் சொல்லு,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வேலி ஓரம் நின்ற வெள்ளாடு ஒன்று மாலையை இழுத்துச் செவ்வந்தியைத் தின்னத் தொடங்கியது. யாரும் விரட்டவில்லை.

மாலையில் சீனிச்சாமி அண்ணன் ஊருக்குப் போனார். அண்ணி கதவைப் பாதி திறந்து, அவுக படுத்துட்டாக என்று சொல்லிச் சாத்திக்கொண்டாராம். திரும்பி வந்தவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரிக்குத் தோசையா சோறா என்று கேட்டார். ஏதாவது திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

சனி, காலை 8.00. பையை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு இரவு முழுக்க வாக்கியம் அடுக்கி வைத்திருந்தேன்; நல்ல வாக்கியங்கள். அவர் முதலில் பேசிவிட்டார்.

“நேத்து அழுதிருந்தான், பாத்தீகளா?”

“பார்த்தேன் ஐயா.”

“செருப்புக்கூடப் போடாம வந்துட்டான்.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமை. பிறகு போர்வையை இழுத்துத் தன் கால் விரல்களை மூடிக்கொண்டார்.

“ஒண்ணுதான் தம்பி. இனி நெசமாவே ஊதுறப்ப, இதுவும் பொய்யினு இருந்துருவானே.”

கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். அந்த மனிதருக்கு மிச்சமிருந்த உறுதி ஒன்றே ஒன்று. கடைசிக்கு மூத்தவன் வருவான் என்பது. ஒரு விடுமுறை நாளின் உற்சாகத்தில் நான் அதையும் எடுத்துவிட்டேன். அச்சான புத்தகத்தில் தப்பு தெரியவந்தால் பிழைதிருத்தம் என்று ஒரு சீட்டு அடித்து உள்ளே வைப்போம். யாரும் படிக்க மாட்டார்கள், ஆனாலும் வைப்போம். இதற்கு அப்படி எந்தச் சீட்டும் எனக்குத் தெரியவில்லை. “அப்படியெல்லாம் ஆகாது ஐயா,” என்றேன். அவர் தலையாட்டினார், மரியாதைக்கு.

8.40. திருச்சுழி பஸ். டிக்கெட் பத்து ரூபாய். பஸ் ஊரைத் தாண்டியதும் என் போனுக்குச் சிக்னல் வந்து, குழுவில் மூன்று நாள் செய்திகள் மடமடவென்று விழுந்தன. எங்கள் அடுக்ககத்திலும் சாவு உண்டு. போன மாதம் மூன்றாம் மாடியில் ஒருவர் போனார். போனில் கூப்பிய கைப் படங்கள் ஐம்பது வந்தன, அதில் ஒன்று என்னுடையது. செருப்பில்லாமல் யாரும் ஓடிவரவில்லை. லிஃப்டில்கூடப் போகவில்லை.

நான்கு கிலோமீட்டரில் பஸ் நின்றது. அண்ணன் ஊர். நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் கருப்பையா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று சட்டை போட்டிருந்தார். செருப்பும். டிரைவர் இறங்கி டீ வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். எனக்குக் கிடைத்த நேரம் மூன்று நிமிடத்துக்குக் குறையாது. இறங்கிப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் தம்பி ஊதச் சொல்லவில்லை, உங்கள் அப்பா இப்படிக் கேட்கிறார் என்று சொல்ல அது போதும். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் போதும். கேட்காத அறுபத்து மூன்று பேருக்கு ஒன்பது ஆண்டுகளாக எதை எதையோ பகிர்ந்தவன், சொல்லியே ஆக வேண்டிய ஒருவருக்குச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றேன்.

அப்போது அவர் பேப்பரை மடித்துவிட்டு பஸ்ஸைப் பார்த்தார்.

பின்னால் மூட்டையோடு நின்ற பெண், “எறங்குறீகளா அண்ணே?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் என் காலடியில் மூட்டையைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.